பிராண்டேக்குப் போன புதன்கிழமைகள்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, கைபேசியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கைபேசி ஒரு தரம் அதிர்ந்தது. அந்த வாரம் நான் எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தேன் என்று அதுவே கணக்குச் சொல்லும் செய்தி. எனக்கு முன் மகள் எட்டிப் பார்த்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

"அம்மா, ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் நாற்பது நிமிடம்! எனக்கு ஐந்துதான். நீங்கள் என்னைவிட மோசம்" என்றாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் கதை எப்போதும் அப்படித்தான்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு கூடை வைத்து, எல்லோரும் கைபேசியை அதற்குள் போட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். அவளுடைய பத்து வயதில் இருந்து அந்தக் கூடையை வைத்துச் சண்டை பிடித்தவள்.

"நான் பாக்கிறது பிரசங்கம். பாட்டு. ஜெபம். உன்னை மாதிரி நடனம் பாக்கேல்லை."

"திரைக்கு அது தெரியாதே, அம்மா."

"ஆண்டவருக்குத் தெரியும்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். கேலியாக இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். "சரி. அந்த ஆறு மணித்தியாலத்தில் நீங்கள் யாரோடு கதைத்தீர்கள்?"

நான் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினேன். "ஒவ்வொரு நாளும் காலமை நாப்பத்திரண்டு பேருக்கு வசனம் அனுப்புறன். பிராண்டே அக்கா ஒரு நாளும் பதில் போடாமல் விட்டதில்லை. அவவைக் கேட்டுப் பார்."

பிராண்டே அக்காவை நான் பெருமையாகத்தான் இழுத்தேன். அந்தப் பெருமை இன்னும் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன் அக்கா யார் என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் என்ற ஊருக்குக் குடிவந்த காலத்தில், இந்தப் பகுதியில் தமிழில் ஜெபிக்கிற குடும்பங்கள் ஐந்துதான். ஹோர்சன்ஸில் இரண்டு, கோல்டிங்கில் இரண்டு, பிராண்டேயில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் தத்தம் ஊரில் டேனிஷ் ஆராதனைக்குப் போவோம். அங்கே எழும்பச் சொன்னால் எழும்புவோம், இருக்கச் சொன்னால் இருப்போம். பாட்டுப் புத்தகத்தில் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பாடுவோம். மனம் திறந்து அழுகிற ஜெபம் மட்டும் தமிழில்தான் வரும். அதற்காகச் சனிக்கிழமை பின்னேரங்களில் ஹோர்சன்ஸில் உள்ள தேவாலயத்தின் சிறிய மண்டபத்தில் கூடுவோம். கதவுத் திறப்பைக் கோவில் பணியாளர் தருவார். உயரமான, அதிகம் பேசாத டேனிஷ் மனிதர். "கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்க வேண்டும்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே சொற்களில் சொல்லுவார்.

அந்த மண்டபத்தின் மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. மெழுகு, பழைய கோப்பி, நனைந்த மேற்சட்டைகள், நாங்கள் கொண்டுவரும் மரக்கறி ரோல்ஸ். பிள்ளைகள் மேசைகளுக்குக் கீழே ஓடுவார்கள். பாட்டுகளைக் கையால் எழுதிப் படியெடுத்த கொப்பிகள் ஒரு பழைய பயணப் பெட்டிக்குள் இருக்கும். பாட்டைத் தொடங்குவது பிராண்டே அக்கா.

அக்கா யாழ்ப்பாணம். அவவின் கணவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர், என்னைப் போலத் திருகோணமலை. பிராண்டேயில் காற்றாலைக்கு இறகு செய்கிற தொழிற்சாலையில் அவர் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். இறகின் மேற்பரப்பைத் தேய்த்து வழுவழுப்பாக்குகிற பகுதி. அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தா. பனியோ மழையோ, ஐம்பது நிமிடம் கார் ஓடிக்கொண்டு இருவரும் வருவார்கள். அக்காவுக்கு நல்ல குரல். ஆனால் எந்தப் பாட்டையும் எட்டாத உயரத்தில்தான் தொடங்குவா. இரண்டாவது வரியில் ஆண்கள் எல்லோரும் மூச்சுத் திணறுவார்கள். அண்ணை பின்வரிசையில் இருந்து, "உயரப் பிடிச்சிட்டீர்" என்று முணுமுணுப்பார். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "ஏறி வாங்கோ" என்பா.

பிறகு கொரோனா வந்தது. மண்டபம் பூட்டப்பட்டது. நாங்கள் திரைக்கு மாறினோம். முதல் சனிக்கிழமை ஒருவரை ஒருவர் சின்னச் சின்னச் சதுரங்களுக்குள் கண்டபோது சிலர் அழுதோம். அதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். பாடத்தான் முடியவில்லை. ஒரு வீட்டுச் சத்தம் மற்ற வீட்டுக்குப் பிந்திப் பிந்தி வந்தது. ஆகவே அக்கா மட்டும் பாடுவா. மற்ற எல்லோரும் ஒலியை நிறுத்திவிட்டு வாயசைப்போம்.

கதவுகள் திறந்தபோது நாங்கள் திரும்பிப் போகவில்லை. யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. அது தன்பாட்டில் நடந்தது. ஒருவருக்கு வேலை மாறிவிட்டது, இன்னொருவருக்கு முழங்கால் வலி. வீட்டில் இருந்தே பார்க்கலாமே என்றார்கள். பிறகு எங்களைவிட நன்றாகப் பாடுகிற, நன்றாகப் பிரசங்கிக்கிறவர்களின் நேரலைகள் இருக்கும்போது நாங்கள் எதற்கு என்று அந்தச் சனிக்கிழமைச் சதுரங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. பயணப் பெட்டி எங்கள் வீட்டு நிலவறைக்கு வந்தது.

நான் மட்டும் விசுவாசத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகும் பேருந்தில் ஒரு பிரசங்கம். சமைக்கும்போது ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு சாட்சிகள். கூடைச் சட்டத்தில் இருந்து எனக்கு நானே விலக்கு அளித்திருந்தேன். காலை ஐந்தரைக்கு எழும்பி, ரோஜாப் பூவோ சூரிய உதயமோ உள்ள படத்தில் ஒரு வசனத்தைத் தேடி எடுத்து, நாற்பத்திரண்டு பேருக்கு அனுப்புவேன். அதைத் தேடுவதிலேயே முக்கால் மணித்தியாலம் போகும். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பிராண்டே அக்காவிடம் இருந்து கும்பிடுகிற கைகள் வரும். அதைப் பார்த்ததும், ஊழியம் செய்த நிறைவோடு வேலைக்குப் புறப்படுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் என் கைபேசியை எடுத்து அக்காவோடு எனக்கு இருந்த உரையாடலைத் திறந்தாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பூ, கை. பூ, கை. சூரியன், கை.

"அம்மா, இதில் ஒரு சொல்கூட இல்லையே."

"வசனம் இருக்குது."

"உங்கள் சொல்லைச் சொல்கிறேன். அவவின் குரலைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?"

நான் யோசித்தேன். போன வருடமா, அதற்கு முந்திய வருடமா என்று எனக்கே தெரியவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மகள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தது அண்ணை.

"அண்ணை, நான் ஹோர்சன்ஸில இருந்து. அக்கா நிக்கிறாவோ?"

"அவ இல்லை."

"எங்க, கடைக்கோ?"

"இல்லை, அவ விழுந்திட்டா. ஐஸில வழுக்கி. இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில இருந்து இப்ப வேற இடத்தில விட்டிருக்கினம், நடக்கப் பழக்க."

"எப்ப அண்ணை?"

"எப்ப..." என்றார். மறுபக்கத்தில் காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது. "மூண்டு கிழமை எண்டு இதில பெரிசா எழுதிக் கிடக்கு."

எனக்கு விளங்கவில்லை. "அண்ணை, நேற்றும் அக்கா எனக்குப் பதில் போட்டவவெல்லோ."

"அது நான்தான். போனை இஞ்ச விட்டிட்டுப் போட்டா. காலமை படம் வந்தால் கும்பிடுற கையை அமத்தி விடுங்கோ எண்டு எழுதி, மகனிட்டக் குடுத்து ஒட்டுவிச்சிருக்கிறா. நான் ஒரு நாளும் விடேல்லை."

"படத்தில என்ன இருக்குதெண்டு வாசிச்சனீங்களோ?"

"கண்ணாடி எங்க வச்சனெண்டு தெரியேல்லை, தங்கச்சி. பூ வடிவாத் தெரியும்."

அவருடைய குரலில் ஒரு குறையும் இல்லை. கொடுத்த வேலையைத் தவறாமல் செய்தவரின் குரல். ஆனால் நான் இருபது வருடமாக முதியோர் இல்லத்தில், மறதி நோய் உள்ளவர்களின் பகுதியில் வேலை செய்கிறவள். அந்தக் காகிதச் சரசரப்பும், "எப்ப" என்று சொல்லிவிட்டு அவர் நின்ற நிற்பும் என்னவென்று எனக்குத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். என் கணவர் களஞ்சியத்தில் வேலை; எங்களுடைய ஒரே காரை அவர் கொண்டுபோய்விடுவார். எனக்கு ஓட்டவும் தெரியாது. ஹோர்சன்ஸில் இருந்து வைலே வரை ஒரு ரயில், அங்கே இறங்கி பிராண்டேக்கு இன்னொரு சின்ன ரயில். மாசி மாதம். வயல்களில் அழுக்கான வெண்பனி கிடந்தது.

நடக்கப் பழக்கும் அந்த இல்லத்தில் அக்கா சன்னலோரம் ஒரு கதிரையில் இருந்தா. மெலிந்திருந்தா. என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை.

"ஆர் சொன்னது உமக்கு?"

"அண்ணை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தனான்."

"போன் எடுத்தனீரோ?" என்று கேட்டுவிட்டு அக்கா வெளியே பார்த்தா. "இவர் சாப்பிடுறாரோ எண்டுதான் எனக்கு யோசினை. மகன் கோல்டிங்கில இருந்து சனி, ஞாயிறிலதான் வாறவன். நகரசபையில இருந்து ரெண்டு நேரம் ஆள் வருது. ஆனா அவருக்கு அவையளின்ர கதை இப்ப விளங்கிறதில்லை. டேனிஷ் மறந்துகொண்டு போகுது. பிந்திப் படிச்ச பாஷைதான் முதல் போகுமாம், டொக்டர் சொன்னவர்" என்றா.

"எவ்வளவு காலமா அக்கா?"

"கார்த்திகையிலதான் சோதிச்சுச் சொன்னவை."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நான் இந்த வேலைதானே செய்யிறன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "அதுக்குத்தான் உமக்கு எழுதினனான், தங்கச்சி. நீர் ஒரு இருதயம் போட்டனீர்."

"என்ன இருதயம்?"

"விடும். இப்ப வந்திட்டீர்தானே. அந்தத் தண்ணியை எடும்."

நான் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். காலைத் தேய்த்துவிட்டேன். பிறகு வீட்டுக்குப் போய் அண்ணையையும் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அக்காவின் கையெழுத்தில் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. மருந்து, அடுப்பு, கதவுத் திறப்பு, எல்லாவற்றுக்கும் கீழே கும்பிடுகிற கை. அவருக்குச் சோறும் பருப்பும் வைத்துக் கொடுத்துவிட்டு நாலு மணி ரயிலைப் பிடித்தேன்.

ரயிலில் ஏறிய உடனே கைபேசியைத் திறந்து கார்த்திகை மாதத்தைத் தேடினேன். நான் அனுப்பிய படங்கள் அவ்வளவு. தள்ளத் தள்ள முடியவில்லை. யெலிங் நிலையம் தாண்டும்போதுதான் கிடைத்தது. ஒரு சூரிய உதயத்துக்குக் கீழே அக்கா எழுதியிருந்தா: "தங்கச்சி, நேரம் இருந்தால் ஒருக்கா எடும். இவருக்கு ஒரு சோதினை நடந்தது. உம்மோட கதைக்க வேணும்."

அதன் மூலையில் என்னுடைய சிவப்பு இருதயம். நாற்பத்திரண்டு பேரின் பதில்களுக்கும் பேருந்தில் இருந்து வரிசையாக இருதயம் போடுவது என் வழக்கம். வாசித்துப் போட்டதில்லை. மறுநாள் காலை அக்காவுக்கு நான் அனுப்பியது ஒரு ரோஜாப் பூ. அதற்கு அவ கும்பிடுகிற கைகள் போட்டிருந்தா.

பயணச்சீட்டுப் பார்க்க நடத்துநர் வந்தார். என் சீட்டும் கைபேசிக்குள்தான் இருந்தது. அந்த உரையாடலை மூடினால்தான் சீட்டைக் காட்டலாம். நான் அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தேன். அவர் பொறுமையாக நின்றார். பிறகு, "அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் ஜெபம், வேதம் என்று பேசாத மனிதர். வேலைக்கு முன் ஒரு நிமிடம் கண்ணை மூடுவார், அவ்வளவுதான். கேட்டுவிட்டு, "புதன்கிழமைகளை இனி ஓய்வு நாளாக் கேட்டுப் பாரும்" என்று மட்டும் சொன்னார்.

"காலமைப் படங்களை நிப்பாட்டட்டோ?"

"நிப்பாட்டினால் ஆண்டவர் கோவிப்பாரோ?"

"இல்லை."

"அப்ப என்ன?"

நிறுத்தினேன். ஒரு கிழமைக்குள் ஒன்பது பேர், சுகமில்லையா என்று விசாரித்தார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராக அழைப்பு எடுத்தேன். ஒருவருக்கு மகனோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒருவருக்கு வேலை போய்விட்டது. நான் வசனம் அனுப்பிக்கொண்டிருந்த மாதங்களில்தான் இதெல்லாம் நடந்திருந்தது. மிச்சப் பேர் படம் வராததைக் கவனிக்கவே இல்லை. முதலில் அது சுட்டது. பிறகு பாரம் இறங்கியது போல் இருந்தது.

வேலையில் பொறுப்பாளர் புதன்கிழமைகளைத் தந்தார். பதிலுக்கு ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை நான் வேலைக்கு நிற்க வேண்டும். அப்படித் தொடங்கியது அந்த இரண்டரை வருடம்.

முதல் மாதங்கள் சுலபமாக இருக்கவில்லை என்பதை ஒளிக்கக் கூடாது. வைலேயில் ஏறி உட்கார்ந்தவுடன் கை தானாகவே பைக்குள் போகும். எந்தச் செய்தியும் வந்திருக்காது. இருந்தாலும் போகும். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் இரண்டு நிமிடத்தில் மனம் அலையும். மற்றவர்களின் ஜெபத்தை ஆறு மணித்தியாலம் கேட்கப் பழகியிருந்த எனக்கு, நானாக ஜெபிக்க ஆறு நிமிடம் வரவில்லை. அந்தப் பாதையில்தான் அது எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். நிலவறையில் இருந்து பழைய பாட்டுக் கொப்பிகளை எடுத்து, ஒரு புதிய கொப்பியில் பெரிய பெரிய எழுத்தில் அண்ணைக்காக எழுதத் தொடங்கினேன். ரயில் குலுங்கும், எழுத்துக் கோணும். ஒரு பயணத்துக்கு ஒரு பாட்டு. எழுதும்போது மனம் சொல்லோடு நின்றது. அதற்குப் பிறகு ஜெபமும் மெதுவாகத் திரும்பி வந்தது.

அந்த ரயிலில் ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. தேவன் உலகத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் தானே வந்தார். குழந்தையாக வந்து, பசித்து, களைத்து, மற்றவர்களின் வீட்டில் சாப்பிட்டார். இதைச் சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்லியிருக்கிறேன். வைலேயில் ரயில் மாறி பிராண்டேக்குப் போனபோதுதான் அது எனக்குப் பட்டது.

சித்திரை மாதம் அக்கா, பிடித்துத் தள்ளி நடக்கிற கைத்தாங்கு வண்டியோடு வீடு திரும்பினா. நான் வேலையில் செய்கிறதை அவவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அலுமாரிக் கதவுகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டினோம். அவர் பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டாம் என்றேன். கையில் எப்போதும் ஒரு வேலை கொடுங்கோ என்றேன். அக்காவுக்கு அவரைத் திருத்தாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. நாற்பது வருடப் பழக்கம்.

அண்ணை சாப்பாட்டு மேசையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருப்பார். ஓரத்தில் இருந்து ஓரத்துக்கு, ஒரே அழுத்தத்தில். ஒரு இடத்தில் நிறுத்தி, விரல் நுனியால் திரும்பத் தொட்டுப் பார்த்து, "இதில கொஞ்சம் கிடக்கு" என்பார். அக்கா முதலில் பயந்தா. அவர் இறகு தேய்க்கிறார் என்று எனக்குப் பிடிபட்டதும் ஒரு துணியைக் கையில் கொடுத்தேன். அரை மணித்தியாலம் தேய்த்தார். அந்த மேசை கண்ணாடி போல மினுங்கும்.

கோப்பி குடித்த பிறகு பாடுவோம். அக்கா வழக்கம் போல வானத்தில் தொடங்குவா. அண்ணை பெரிய எழுத்துக் கொப்பியில் இருந்து தலையைத் தூக்கி, "உயரப் பிடிச்சிட்டீர்" என்பார். முதன்முறை அவர் அதைச் சொன்னபோது அக்கா பாடுவதை நிறுத்திவிட்டா. "அதை மறக்கேல்லைப் பாரும்" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தா.

ஒரு புதன்கிழமை நான் பழையபடி சறுக்கினேன். புகழ்பெற்ற ஒரு பிரசங்கியாரின் பெரிய கூட்டம் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் சேர்ந்து பார்த்தால் நல்லதுதானே என்று அக்காவின் தொலைக்காட்சியில் போட்டேன். பிரசங்கியார் உரத்த குரலில் கை நீட்டிப் பேசினார். பத்து நிமிடத்தில் அண்ணை கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

"இவர் ஏன் என்னை ஏசுறார்? நான் என்ன செய்தனான்?"

"உங்களை இல்லை அண்ணை, பிரசங்கம்..."

"நான் வேலைக்குப் பிந்தேல்லை. கேட்டுப் பாருங்கோ, ஒரு நாளும் பிந்தேல்லை!"

அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினா. அவரை உட்கார வைத்து, தோளைத் தடவி அமைதிப்படுத்தியபின் என்னிடம் திரும்பினா. "தங்கச்சி, இந்தப் பிரசங்கியாரைப் பாக்கவோ நீர் ரெண்டு ரயில் மாறி வந்தனீர்?"

நான் தலை குனிந்தேன். "இல்லை அக்கா."

"அப்ப வெங்காயத்தை வெட்டும்."

இப்படிச் சொன்னாலும், திரையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்காவின் மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் வருவாள். அவளுடைய குழந்தை திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு கொட்டாவி விடும். அண்ணையும் கொட்டாவி விடுவார். அதைப் பார்த்துச் சிரிக்கிற குடும்பத்துக்கு வேறு வழி என்ன இருக்கிறது? நான் இப்போதும் பிரசங்கம் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று, உட்கார்ந்து, வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. சமைக்கும்போது பார்ப்பதில்லை. சமைக்கும்போது, வீட்டுக்கு வந்திருக்கிற நாட்களில், மகள் மேசையடியில் வந்து இருப்பாள். அவள் கதைப்பது எனக்குக் கேட்க வேண்டும்.

ஒரு கோடை விடுமுறையில் மகளும் என்னோடு பிராண்டேக்கு வந்தாள். அப்போது அவள் கார் ஓட்டும் அனுமதி எடுத்திருந்தாள். கணவர் காரைத் தந்தார். அன்று அண்ணையை வெளியே கூட்டிக்கொண்டு போகலாம் என்று தீர்மானித்தோம். ஊரின் நடுவே ஓடுகிற சிற்றாற்றின் கரையில் ஒரு நடைபாதை இருக்கிறது. அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால். மகள் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். நான் நடுவில்.

அண்ணை மகளிடம் கேட்டார். "நீர் எந்த ஊர், பிள்ளை?"

அவள் என்னைப் பார்த்தாள். டேனிஷில் பதில் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "திருகோணமலை" என்றாள், தமிழில். அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

"அட! நானும் திருகோணமலைதான்!" அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. "எந்தப் பக்கம்?"

"கடற்கரைப் பக்கம்" என்றாள்.

"ஓம், ஓம். எனக்குத் தெரியும். உம்மட வீட்டு ஆக்களை எனக்குத் தெரியும்."

நூறு அடி நடந்தபின் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். மறுபடி அதே மலர்ச்சி. பாலம் வரைக்கும் ஏழு தரம். ஒரு தரமும் அவள் சலிக்கவில்லை. ஏழாவது தரம் அவளே முந்திக்கொண்டு, "நீங்கள் எந்த ஊர்?" என்று அவரைக் கேட்டாள். அவர் நின்று யோசித்துவிட்டு, "நான் இவவின்ர ஊர்" என்று முன்னால் போகிற அக்காவைக் காட்டினார். தான் யாழ்ப்பாணம் என்று அக்கா திருத்தவில்லை. வண்டியை நிறுத்தி அவர் வரும்வரை காத்து நின்றா.

என் வாழ்க்கையில் நான் மிகவும் ஏங்குகிற பின்னேரம் அதுதான். ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஆற்றில் தாராக்கள் நீந்திப் போயின. காற்று இருந்தது. ஆற்றோர வாங்கில் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். யாரும் படம் எடுக்கவில்லை. இப்போது ஒரு படம் இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். பிறகு, அண்ணை மகளின் கையைப் பிடித்திருந்த விதம் மனதில் வரும். அவளுடைய மறு கையில் ரோல்ஸ் பெட்டி இருந்தது. அவள் எப்படிப் படம் எடுத்திருப்பாள்?

மூன்றாம் வருடத்தின் நடுவில் அண்ணையை வீட்டில் வைத்துப் பார்ப்பது அக்காவால் முடியாமல் போனது. அவர்களுடைய மகன் கோல்டிங்கில் இருக்கிறார். அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் அண்ணைக்கு இடம் கிடைத்தது. அக்கா நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன வீடு எடுத்தா. பிராண்டே வீட்டைக் காலி செய்த அன்று நான் அலுமாரிக் கதவுகளில் இருந்து எங்கள் தமிழ்க் காகிதங்களை உரித்தேன். பசை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சுடுதண்ணீர்த் துணியால் நனைத்து நனைத்து எடுத்தோம். அக்கா "சீனி" என்று எழுதிய துண்டை மட்டும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.

இப்போது அண்ணை ஊர் கேட்பதில்லை. பேச்சு அனேகமாக நின்றுவிட்டது. அக்கா தினமும் போய்ப் பக்கத்தில் இருந்து, தாழ்ந்த குரலில் பாடுகிறா. உயரப் பிடிப்பதில்லை, மற்ற அறைகளில் ஆட்கள் தூங்குவார்களாம். அக்காவின் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் கோல்டிங் பெண்கள் நாலைந்து பேர் ஜெபத்துக்குக் கூடுகிறார்கள். நான் மாதத்தில் ஒன்றிரண்டு தரம் போகிறேன். புதன்கிழமை ஓய்வை வேலையில் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கள் தெருவிலேயே கணவனை இழந்த ஒரு டேனிஷ் அம்மா தனியாக இருக்கிறா. அவவோடு கடைக்குப் போகிறேன். அது பிராண்டே போல இல்லை. நாங்கள் இன்னும் ஒருவரை ஒருவர் பழகிக்கொண்டிருக்கிறோம்.

போன கிழமை அக்கா அழைப்பு எடுத்தா. நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"நாளைக்கு வாறீரோ? நண்டு வாங்கினனான். உயிர் நண்டு. தனிய உடைக்க ஏலாது."

"வேலை முடிஞ்சு மூண்டு மணிக்குத்தான் அக்கா வெளிக்கிடலாம்."

"நான் புளியைக் கரைச்சு வைக்கிறன். மகளையும் கூட்டிக்கொண்டு வாரும்."

மகள் இப்போது வேறு ஊரில் படிக்கிறாள் என்று சொன்னேன். "தெரியும்" என்றா அக்கா. "செவ்வாய்க்கிழமை என்னோட கதைச்சவள். நாளைக்கு ரயிலில வாறாளாம். உமக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. அவர்கள் இருவரும் தங்களுக்குள் கதைப்பார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.